பிரேம்காரரின் மழைக் கடிகாரம்

தெருவில் எல்லோரும் அவரைப் பிரேம்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்திரண்டு வருடமாக அதே கடை, அதே பெயர். கீழே கடை, மேலே இரண்டு அறை வீடு. கடைச் சுவர் முழுக்க அடுத்தவர்களின் குடும்பங்கள். கல்யாணப் படம், பட்டம் வாங்கிய படம், பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தை கொட்டாவி விடும் படம். சட்டம் போட்டு, கண்ணாடி துடைத்து, பின்பக்கம் பழுப்புத்தாள் ஒட்டி மாட்டி வைத்திருப்பார். உரியவர்கள் வந்து வாங்கிப்போக வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அந்த முகங்கள்தான் துணை.

"இத்தனை பேருக்கு நடுவுல உக்காந்திருக்கீங்க, உங்களுக்கென்ன கவலை?" என்று ஒரு வாடிக்கையாளர் கேலி செய்தபோது அவரும் சேர்ந்துதான் சிரித்தார். ஆள் போன பிறகு, சிரித்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல் துணியை எடுத்துக் கண்ணாடி துடைக்க ஆரம்பித்தார்.

அவருடைய மனைவி ஐந்து வருடத்துக்கு முன் மகளின் பிரசவத்துக்கென்று கிளம்பிப் போனவள். மகள் இருப்பது மேட்டு நிலத்து நகரம் ஒன்றில். ரயிலில் ஒரு முழுப் பகல், அப்புறம் பேருந்தில் மூன்று மணி நேர ஏற்றம். மூன்று மாதம் என்று சொல்லித்தான் போனாள். குழந்தை எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்தது. கொஞ்சம் எடை கூடட்டும் என்றாள். கூடியது. நடக்கட்டும் என்றாள். நடந்தது. பள்ளிக்கூடம் சேர்ந்துவிட்டால் வந்துவிடுகிறேன் என்றாள். பேத்தி பள்ளிக்கூடம் சேர்ந்த வாரத்தில் இவர் மாடியைக் கழுவிவிட்டார், திரைச்சீலைகளைத் துவைத்துப் போட்டார், எரியாமல் கிடந்த குளியலறை விளக்கை மாற்றினார். அவள் வருகிற பேச்சை எடுக்கவில்லை. இவரும் கேட்கவில்லை. சண்டை என்று ஒன்றும் கிடையாது. சண்டை இருந்திருந்தால் சமாதானம் என்று ஒன்றாவது வந்திருக்கும்.

தினமும் சாயங்காலம் ஆறரைக்குப் போன் வரும்.

"சாப்டீங்களா?"

"இனிமேதான். நீ?"

"நானும் இனிமேதான். அங்க மழையா?"

"இல்ல. அங்க?"

"லேசா தூறுது. சரி, வச்சிடட்டுமா?"

"ம்."

ஆரம்பத்தில் அரை மணி நேரம் நீண்ட பேச்சு, துவைக்கத் துவைக்கச் சுருங்கும் துணிபோல இரண்டு நிமிடத்தில் வந்து நின்றிருந்தது. மழை மட்டும் இல்லையென்றால் அதுவும் முடிந்திருக்கும். வானத்துக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அப்படி ஒரு நாள், ஒரு அம்மாள் அட்டைப் பெட்டியோடு கடைக்கு வந்தார். இறந்துபோன அப்பாவின் படத்தைச் சட்டம் போட வேண்டும். படத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பெட்டியின் அடியில் கிடந்த ஒரு பித்தளை வட்டத்தையும் மேசைமேல் வைத்தார்.

"இது என்னமோ காத்தழுத்தம் பாக்கற கருவியாம். அப்பா தினம் இதத் தட்டிப் பாத்துட்டுத்தான் வெளிய கிளம்புவார். இப்ப வேல செய்யுதான்னு தெரியல. உங்களுக்கு வேணும்னா வச்சுக்குங்க, இல்லன்னா தூக்கிப் போட்டுடுங்க."

அவர் போனதும் பிரேம்காரர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். சாப்பாட்டுத் தட்டில் பாதி அளவு. முகப்பைச் சுற்றிப் புயல், மழை, மாறும், நல்ல வானம், வறட்சி என்று ஐந்து சொற்கள். நடுவில் கறுப்பு ஊசி. கூடவே, கையால் திருப்பி நேற்றைய இடத்தைக் குறித்துவைக்க ஒரு பித்தளை ஊசி. விரல் நகத்தால் கண்ணாடியை ஒரு தட்டுத் தட்டினார். கறுப்பு ஊசி மயிரிழை அளவுக்கு மழைப் பக்கம் நகர்ந்தது.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெகுநாள் பூட்டிக்கிடந்த வீட்டின் கதவைச் சும்மா தட்டப்போய், உள்ளிருந்து யாரோ "யாரு?" என்று கேட்டதுபோல இருந்தது. இன்னொரு தட்டுத் தட்டிப் பார்த்தார். ஊசி அசையவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது போலும்.

அன்றைக்குச் சாயங்காலம் "அங்க மழையா?" என்று மனைவி கேட்டபோது, "இல்ல. ஆனா நாளைக்கு வரும்" என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"காத்தழுத்தம் எறங்குது."

போனில் அவள் சிரித்தாள். "ஐயோ! எப்பருந்து ரேடியோவுல வேலைக்குச் சேந்தீங்க?"

அவள் சிரித்துக் கேட்டு எத்தனை மாதம் ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தார். எண்ணிக்கை பிடிபடவில்லை. மறுநாள் மதியம் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. கடை வாசலில் நனைந்துகொண்டே நின்று பார்த்தார். சாயங்காலம் வருவதற்குள் பொறுமை போய்விட்டது.

அந்த வாரமே பழைய சாமான் கடைகளில் தேடி ஒரு வெப்பமானியும் ஓர் ஈரப்பதமானியும் வாங்கிவந்தார். மூன்றுக்கும் ஒரே மரப் பலகையில் வீடு கட்டுவது என்று தீர்மானம். மரத்துக்கு அலையவேண்டியதில்லை. பரண்மேல் முப்பது வருடத்துத் துண்டுகள் கிடந்தன. அழகான மரம் எதையும் அவரால் குப்பையில் போட முடியாது. மனைவி இங்கே இருந்த காலத்தில் அதற்காகவே வாங்கிக் கட்டிக்கொள்வார். நிலைக்கண்ணாடி ஒன்றைப் பிரித்தபோது கிடைத்த ஈட்டி மரப் பலகை, கறுப்பும் சிவப்பும் கலந்து அலை அலையாக ஓடும் ரேகையோடு. உடைந்த பியானோவிலிருந்து வந்த கருங்காலித் துண்டுகள். பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தின் தரையைப் பெயர்த்தபோது கேட்டு வாங்கிய மேப்பிள் என்ற சீமை மரத்தின் நீளப் பட்டைகள், பால் வெள்ளையில். மஞ்சளும் பழுப்புமாகப் பலா. ஒவ்வொன்றையும் ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தார். ஈரம் பட்டதும் நிறம் எழுந்து வந்தது.

இரண்டடி நீளம், பத்து அங்குல அகலம். ஈட்டிப் பலகைதான் உடம்பு. மேலே வெப்பமானி, நடுவில் பெரியதாகக் காற்றழுத்தமானி, கீழே ஈரப்பதமானி. ஒவ்வொரு வட்டத்தையும் சுற்றி மேப்பிளில் ஒரு வளையம். வளையத்துக்கும் ஈட்டிக்கும் நடுவில் நூல்போல ஒரு கருங்காலிக் கோடு. அந்தக் கோட்டை வளைப்பதற்குள் அவருக்குப் பாதி உயிர் போய்விட்டது. கருங்காலி வளையாது, உடையும். வெந்நீரில் ஊறவைத்தார், ஆவியில் காட்டினார், பதினொன்று உடைந்தன. கடைசியில் நறுக்கி நறுக்கிச் சின்னச் சின்னத் துண்டுகளாக வட்டத்தில் பதித்தார். ஒரு வளையத்துக்கு நாற்பத்தெட்டுத் துண்டு. சுற்றிலும் பலா மரத்தில் சட்டம். மூலையை நாற்பத்தைந்து பாகையில் வெட்டிச் சேர்ப்பது அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. நாலு பக்கமும் பசை தடவி இறுக்கினார்.

போன் பேச்சும் வளர்ந்தது. இன்றைக்கு என்ன ஒட்டினார், எது உடைந்தது, ஊசி எங்கே நிற்கிறது. "உங்க மழைக் கடிகாரம் என்ன சொல்லுது?" என்று அவளே கேட்பாள். அந்தப் பெயரை வைத்தவள் அவள்தான். ஒரு நாள் பதினோரு நிமிடம் பேசினார்கள். போனில் நேரம் காட்டுமே, அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

மழைக்காலம் முடிந்து வறண்ட காற்று வீசத் தொடங்கிய முதல் வாரம். மதியம் மூன்று மணி. கடைக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். கண்ணாடி ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்து எழுந்தார். கண்ணாடிகள் எல்லாம் இடத்தில் இருந்தன. ஈட்டிப் பலகைதான் மேலிருந்து நடு வட்டம்வரை பிளந்திருந்தது. வெள்ளை வளையம் இரண்டாகி, நாற்பத்தெட்டில் ஏழெட்டுத் துண்டுகள் மேசையில் தெறித்துக் கிடந்தன. ஈரப்பதமானியின் ஊசி முப்பதுக்குக் கீழே. நடந்ததற்கான காரணத்தை அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு உடைந்த பலகையிலேயே உட்கார்ந்திருந்தது.

எதிர்வரிசையில் கதவு மட்டுமே செய்கிற தச்சர் ஒருவர் உண்டு. தெருவுக்கு அவர் கதவுக்காரர். அவரிடம் தூக்கிக்கொண்டு போனார். கதவுக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"ஏன்ணே, என்னைக்காவது என் கதவைப் பாத்திருக்கீங்களா? நடுப்பலகை சட்டத்துக்குள்ள சும்மா நிக்கும். பசையும் கெடையாது, ஆணியும் கெடையாது. மழைக்கு உப்பும், காத்துக்குச் சுருங்கும். அதுபாட்டுக்குப் போய் வர எடம் விட்டிருப்பேன். நீங்க நாலு பக்கமும் புடிச்சு ஒட்டிட்டீங்க. அது என்ன பண்ணும்?"

"பிரேமுக்கு அப்படித்தானே ஒட்டுவேன்."

"பிரேமு விரல் அகலம். இது முழ அகலம். விரலுக்கும் முழத்துக்கும் ஒரே வைத்தியமா? ஆனா ஒண்ணுண்ணே, வளையம் சூப்பரு. இத நான் செஞ்சா என் பொறுமை போய் உளிய விட்டெறிஞ்சிருப்பேன்."

பாராட்டு காதில் விழவில்லை. உடைந்ததைக் கொண்டுவந்து சுவர்ப் பக்கம் திருப்பிச் சாத்தி வைத்தார். இரண்டு வாரம் அந்தப் பக்கம் போகவில்லை. சாயங்காலம் அவள் கேட்டால், "நல்ல வானம்" என்று சொல்லிவைத்தார். தினமும் நல்ல வானம். நான்காம் நாளே அவள் கேட்பதை விட்டுவிட்டாள். பேச்சு மறுபடி இரண்டு நிமிடத்துக்கு வந்தது. எதுவுமே இல்லாமல் இருந்த காலத்தில்கூட இந்த அளவு வலித்ததில்லை. பசி பழகிப்போனவனுக்கு ஒரு வேளை போட்டுவிட்டு இலையைப் பறித்துக்கொண்டதுபோல.

மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை அடைத்திருந்த நேரம், பலகையைத் திருப்பினார். பிளவை மறைக்கப் பார்க்கவில்லை. அதன்மேலேயே ரம்பத்தை ஓட்டி முழுசாக இரண்டாக்கினார். இரண்டு பாதிகளின் ஓரத்திலும் இழைப்புளியால் பள்ளம் எடுத்து, நடுவில் ஒரு மேப்பிள் பட்டையை ஒட்டாமல் செருகினார். சட்டத்திலும் பள்ளம். பலகை அதற்குள் தளர்வாக நின்றது. காதருகே வைத்து ஆட்டினால் லேசாகச் சத்தம் வரும். மூன்று வளையங்களையும் மறுபடி முதலிலிருந்து செய்தார், இந்த முறை வளையம் ஒரு பக்கப் பலகையை மட்டும் பிடித்து நிற்கும்படி. மெழுகு தேய்த்து முடித்தபோது, நடுவில் ஓடிய வெள்ளைக்கோடு ஆரம்பத்திலிருந்தே யோசித்து வைத்ததுபோல இருந்தது.

அன்று சாயங்காலம், "முடிஞ்சிடுச்சு" என்றார். "நேர்லயே கொண்டு வரட்டுமா?"

அவளுக்குப் பின்னால் பேத்தி எதற்கோ கத்துவது கேட்டது. "வாங்க" என்றாள் அப்புறம்.

ஐந்து வருடத்தில் அவர் அங்கே போனது ஒரே முறை, குழந்தை பிறந்த சமயத்தில். கடையை யார் பார்ப்பது என்பது எப்போதும் தயாராக இருக்கிற காரணம். இந்த முறை கதவில் அட்டை மாட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

பேருந்து ஏற ஏற, மடியில் இருந்த பெட்டியை அடிக்கடி திறந்து பார்த்துக்கொண்டே வந்தார். ஊசி மாறும் என்பதைத் தாண்டியது, மழையைத் தாண்டியது, புயலுக்கு வந்து முட்டிக்கொண்டு நின்றது. பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சார், வண்டி கவுந்துடும்னு சொல்லுதா?" என்று கேட்டார். வெளியே பளீரென்று வெயில். பிரேம்காரர் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார்; ஊசி அசையவில்லை. இத்தனை பாடுபட்டு, கடைசியில் கருவியே போய்விட்டதா?

மகள் வீடு ஒன்பதாவது மாடியில். பேத்திதான் கதவைத் திறந்தாள். மகளின் போனில் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பார்த்துப் பழகிய முகத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள். "பாட்டீ! போன் தாத்தா வந்திருக்காங்க! கால் எல்லாம் இருக்கு!"

வீடே சிரித்தது. அவரும் சிரித்தார். மனைவி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். இளைத்திருந்தாள், முகம் தெளிவாக இருந்தது, மூக்கில் கண்ணாடி.

"கண்ணாடி எப்பப் போட்ட?"

"அது ஆச்சு ஒன்றரை வருஷம். வீடியோல பேசறப்ப கழட்டிடுவேன், வெளிச்சம் அடிக்கும்."

வேறு விஷயங்களும் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் சின்ன நூலகத்தை மதியங்களில் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். காலையில் நாலு பெண்களோடு நடக்கப் போகிறாள். அதற்கென்று காலணிகூட வாங்கி வைத்திருக்கிறாள்.

"சொல்லவே இல்ல?"

"நீங்க மழையப் பத்திதானே கேட்டீங்க."

குத்தலாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். அதனால்தான் தைத்தது.

ஊசியின் கதையை மருமகன் தீர்த்துவைத்தார். "மேட்டுல காத்தழுத்தம் கொறைவுதானே மாமா. கருவி சரியாத்தான் சொல்லுது. பின்னாடி திருகாணி இருக்கும் பாருங்க." இருந்தது. உள்ளூர் வானிலை அறிவிப்பைக் கேட்டு அதற்கேற்றபடி திருகியதும் ஊசி மெதுவாக எழுந்து வந்து நல்ல வானத்தில் நின்றது. ஜன்னல் பக்கச் சுவரில் மாட்டினார்கள்.

மறுநாள் மகளும் மருமகனும் வேலைக்கு, பேத்தி பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகு, மனைவி அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். விரலால் ஒவ்வொரு மரமாகத் தடவினாள்.

"இது அந்தப் பழைய நெலக்கண்ணாடிப் பலகைதானே? இதத் தூக்கிப் போடச் சொல்லி எத்தன தடவ சண்ட போட்டிருப்பேன்."

"போட்ட."

"நடுவுல இந்த வெள்ளக்கோடு நல்லாருக்கு."

"அது ஒடஞ்ச எடம்."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். 'டப்' என்ற சத்தத்தை, கதவுக்காரர் சிரித்ததை, தினமும் நல்ல வானம் என்று பொய் சொன்னதை. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா? அஞ்சு வருஷத்துல ஒரு தடவகூட நீங்க 'வா'ன்னு சொல்லலையே. ஏன்?"

"நீயா வருவன்னு நெனச்சேன்."

"நீங்களா கூப்பிடுவீங்கன்னு நான் நெனச்சேன். முதல் ரெண்டு வருஷம் தெனமும் நெனச்சேன். போன் அடிக்கறப்பல்லாம், இன்னைக்குக் கேப்பாருன்னு. அப்பறம் நெனக்கறத விட்டுட்டேன். விட்டப்பறந்தான் இங்க எனக்கு மனசு ஒட்டுச்சு."

கீழே எங்கோ ஒரு கார் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட அவருக்கு இப்படி நாக்கு ஒட்டிக்கொண்டதில்லை.

"வா" என்றார். "வந்துடு."

அவள் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தாள். "இப்பச் சொல்றீங்க" என்றாள். அப்புறம், "நீங்க இங்க வந்துடுங்களேன்" என்றாள்.

அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். முந்தின இரவு அவர் படுத்த சோபாவின்மேல் போர்வை மடித்து வைத்திருந்தது. இந்த ஒன்பதாவது மாடியில் ரம்பத்தை எங்கே வைப்பது, மரத்தூளை எங்கே கொட்டுவது? அவளுடைய நாலு தோழிகள் நடக்கப் போகிற காலை வேளையில் இவர் என்ன செய்வார்?

"கடை இருக்கே" என்றார்.

"ஆமா. கடை இருக்கு" என்றாள் அவளும். இருவருக்கும் கோபம் வரவில்லை.

நாலு நாள் இருந்துவிட்டுத் திரும்பினார். மழைக் கடிகாரம் அங்கேயே தங்கிவிட்டது.

பள்ளி விடுமுறையில் பேத்தியை அழைத்துக்கொண்டு மனைவி வந்தாள். பன்னிரண்டு நாள். பேத்தி கடையில் ஒவ்வொரு படத்தையும் காட்டி "இது யாரு, இது யாரு" என்று கேட்டாள். அவருக்குத் தெரியாத பெயர்களை அவரே வைத்துச் சொன்னார். மனைவி மாடி அடுப்பைத் தேய்த்துப் பளபளக்க வைத்தாள், வாடிக்கையாளர் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்து அவர் கண்ணாடி வெட்டுவதைப் பார்த்தாள். சாயங்காலம் ஆறரை மணிக்கு மகள் போன் செய்வாள். அவர்கள் பேசட்டும் என்று இவர் கீழே இறங்கி வந்துவிடுவார்.

பதினோராம் நாள் அவள் அலமாரியைத் திறந்தாள். ஐந்து வருடத்துக்கு முன் விட்டுப்போன துணிகள் மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, வேண்டியதைப் பையில் வைத்தாள். தடித்த பழுப்புக் கம்பளிச் சட்டை ஒன்று கையில் வந்ததும் நின்றாள். இந்த ஊரில் அதற்கு வேலையே இல்லை. எப்போதோ யாரோ கொடுத்தது. அவள் அவரைப் பார்த்தாள், திரும்ப உள்ளேயே வைக்கப் போனாள்.

"எடுத்துட்டுப் போ" என்றார் அவர். "அங்க குளுரு சாஸ்தி." அவள் கையிலிருந்து வாங்கி, சட்டையின் இரண்டு கைகளையும் உள்ளே மடித்து, படத்துக்குத் தாள் ஒட்டுவதுபோல மேலே ஒருமுறை தடவிவிட்டு, அவரே பையில் வைத்தார்.

மறுநாள் காலை ரயிலேற்றிவிட்டுக் கடைக்கு வர மணி பத்தாகிவிட்டது. கதவருகே ஓர் ஆள் சுருட்டிய சான்றிதழோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்ன பிரேம்காரரே, இவ்ளோ லேட்டு? ஒன்பது மணிலருந்து நிக்கறேன்."

"வீட்டுல ஊருக்குக் கெளம்புனாங்க. அதான்."

"அப்படியா! எந்த ஊருக்கு?"

பிரேம்காரர் பூட்டில் சாவியைப் போட்டுத் திருப்பினார். கதவைத் தூக்கிவிட்டார். மேசை விளக்கைப் போட்டார்.

"அவங்க ஊருக்கு" என்றார். சான்றிதழை வாங்கி மேசையில் விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க நாலு மூலையிலும் நாலு மரத்துண்டுகளை வைத்துவிட்டு அளவு எடுக்கத் தொடங்கினார்.